இருபத்தேழாவது வாரம்

விளக்கைப் போட்டுவிட்டார்கள். இடைவேளை என்று திரையில் கொட்டை எழுத்தில் வந்து நின்றது, என்னவோ சாதித்துவிட்டவர்கள் மாதிரி. மங்கையர்க்கரசி நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அடப் பாவிகளா, கடைசியில் அந்த இடத்திலா கையை வைத்தீர்கள். மற்றதையெல்லாம் மன்னித்திருப்பாள்; மன்னிக்கத்தான் செய்தாள், காலைக் காட்சி தொடங்கிய பதினொன்றரை மணியிலிருந்து ஒவ்வொன்றாக மன்னித்துக்கொண்டேதான் வந்தாள். கதை நடக்கிற ஆற்றங்கரைத் தாழையூரைத் தூக்கிக்கொண்டுபோய்த் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் வைத்தார்கள், போகட்டும். கதையில் இல்லாத சமையல்காரன் ஒருவனைக் கூட்டிவந்து எண்ணெயில் வழுக்கி விழவிட்டார்கள், கொட்டகை முழுக்கச் சிரித்தது, சிரிக்கட்டும். கதாநாயகி அபயா மாநிறம், நீளவாட்டு முகம், வலது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. தொடர்கதையாக வந்தபோது பத்திரிகையில் படம் போட்டவர் ஐம்பத்திரண்டு வாரமும் அந்தத் தழும்பை ஒரு சின்னக் கோடாகப் போட மறந்ததில்லை. இங்கே வந்து நிற்கிறவளோ பால்கோவா நிறத்தில் பளபளவென்று நிற்கிறாள். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். ஆனால் பெண் பார்க்கிற காட்சி. அதற்காகத்தானே வந்தது. கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருக்க அபயா காபித் தட்டோடு வருகிறாள், ஜமுக்காளம் சரி, சுவர்க்கடிகாரம் சரி, இப்போது தட்டை முக்காலியில் வைப்பாள், இப்போது நிமிர்வாள், இப்போது சொல்வாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு "அப்பா சொன்னாச் சரி" என்றாள். மாப்பிள்ளையின் தாயார் ஜாதகத்தில் என்னவோ குற்றம் கண்டுபிடித்து எழுந்தாள், எல்லோரும் எழுந்து போனார்கள், அபயா நின்ற இடத்திலேயே நின்றாள், வயலின் இழுத்தார்கள், விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

பக்கத்து நாற்காலியில் திலகம் அழுதுகொண்டிருந்தாள். அதைத்தான் மங்கையால் பொறுக்க முடியவில்லை. திலகவதி, கூடப்பிறந்த தங்கை, ஒரே ஒரு வயது இளையவள், அறுபத்து மூன்று வயதில் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துத் துடைத்து அழுகிறாள், கதையில் இல்லாத காட்சிக்கு. "நல்லா எடுத்திருக்கான்லாக்கா" என்று வேறு சொன்னாள். மங்கை திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் வாயை மூடிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கி வெளியே போனாள். இவளுக்கு எப்படி மறந்துபோகும்? அந்த அத்தியாயத்தை வாசித்துக் காட்டியவளே இவள்தானே. நாற்பத்தைந்து வருஷமாகச் சேர்த்துவைத்த ஒரு காரியத்துக்காக மங்கை இன்றைக்கு இவளை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். படம் வருகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அது ஒன்றையே நினைத்திருந்தாள்: அபயா நிமிர்ந்து நின்று அந்த வார்த்தையைச் சொல்லும்போது, அவ்வளவு பெரிய திரையில், அவ்வளவு சத்தத்தில், பக்கத்தில் இருக்கிற இவள் முகத்தைப் பார்க்கவேண்டும். பார்த்தியா, இப்படித்தான் நீயும் செய்திருக்கணும் என்று வாயால் சொல்லக்கூட வேண்டியதில்லை. பார்த்தால் போதும். அம்பாசமுத்திரத்தில் இவள் புருஷன் சிவசைலம் அத்தான் இறந்து வருஷம் திரும்பியாயிற்று, இனிமேல் சொன்னால் யாருக்கும் வருத்தமில்லை. திலகம்தான் இரண்டு வாரமாகச் சாக்கு சொன்னாள். முழங்கால் வலி, வெயில், குளிர்சாதனம் ஒத்துக்காது, படத்தை என்னத்துக்குக்கா பாத்துக்கிட்டு, வீட்ல பேசிக்கிட்டு இருப்போமே. வாரத்துக்கு நாலு படம் டிவியில் பார்க்கிறவள். இந்தப் படத்துக்கு மட்டும் வலிக்கிறதாம் கால்.

புத்தகம் என்றால் மங்கைக்கு அந்த ஒரே புத்தகம்தான் என்று சொல்லமுடியாது. பெருமாள்புரம் வீட்டில் மூன்று அலமாரி நிறைய இருக்கிறது. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெறுகிற வரைக்கும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை, புத்தகத்துக்குத்தான் கொடுத்தாள். ஆனாலும் காய்ச்சல் வந்தால், மனசு சரியில்லாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தால், கை தானாகப் போவது அந்தப் பச்சைக் காலிகோ அட்டைக்குத்தான். 'தாழையூர் மாடிவீடு' தொடர்கதை. வாராவாரம் பத்திரிகையிலிருந்து ஊசியைக் கழற்றி, தாளை மடங்காமல் எடுத்து, வருஷம் முடிந்ததும் டவுனில் பைண்டு போட்டது. ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் என்ன இருக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். அபயாவின் அம்மா சாகிற பக்கத்துக்குப் பின்னால் பற்பொடி விளம்பரம், அபயா முதன்முதலாகக் கல்லூரிக்குள் நுழைகிற பக்கத்துக்குப் பின்னால் வாழைப்பூ வடை செய்முறை. பைண்டு போட்டவர் தாளையெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு "இருபத்தேழாவது வாரம் இல்லயே தாயி" என்றார். தெரியும் என்றாள் மங்கை. அந்த வாரத்துப் பத்திரிகையைப் போஸ்ட்மாஸ்டர் வீட்டு அகிலாண்டம் மயினி இரவல் வாங்கிக்கொண்டுபோய்த் தொலைத்துவிட்டாள். இரவல் வாங்குகிறவர்களைக் கண்டாலே மங்கைக்கு ஆகாமல்போனது அன்றைக்குத்தான். அகிலாண்டத்தோடு பேச்சை நிறுத்தினாள், அவள் மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை, தெருவில் எதிரே வந்தால் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நடந்தாள், அகிலாண்டம் கண்ணை மூடியபோதும் வாசல்வரை போய்விட்டுத் திரும்பினாள். பிற்பாடு கதை புத்தகமாக வந்தது, நூலகத்தில் கண்ணில் பட்டது, தொட்டதில்லை. படம் இல்லாமல், பின்பக்கத்தில் வடை இல்லாமல் அது என்ன புத்தகம்? இருபத்தேழாவது அத்தியாயம் வேண்டுமென்றாலும் வாங்கத் தேவையில்லை. அது காதில் இருக்கிறது. திலகத்தின் குரலில், ஒரு வார்த்தை விடாமல்.

அந்த வாரம் மங்கைக்குக் கண் வந்திருந்தது, மெட்ராஸ் ஐ. இமை இரண்டும் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டு, வெளிச்சம் பட்டால் நீராகக் கொட்டி, உள்ளறையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு கிடந்தாள். கண்ணைப் பார்த்தாலே தொற்றிக்கொள்ளும் என்று அம்மா சொன்னதால் திலகம் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் வாசித்தாள். புதன்கிழமை பத்திரிகை வரும். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க அம்பாசமுத்திரத்திலிருந்து வருகிறார்கள், அரிசி மண்டிக்காரர்கள், நல்ல மனிதர்கள், மகன் சிவசைலம், கண் அதற்குள் தெளிந்துவிடும் என்று அப்பா சொல்லிவிட்டார். பி.யூ.சி. முடித்து இரண்டு வருஷம் வீட்டில் இருந்தாயிற்று, மேலே படிக்கவேண்டும் என்ற பேச்சை எடுத்தாலே அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். அந்த நேரம் பார்த்து அங்கே தாழையூரிலும் அபயாவைப் பெண் பார்க்க வருகிறார்கள், சென்ற வாரம் வாசலில் வண்டி வந்து நிற்பதோடு தொடரும் போட்டுவிட்டார்கள். அபயா என்ன செய்யுதாளோ அதைத்தான் நானும் செய்யப்போறேன் என்று மங்கை தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். வேடிக்கையாகச் சொன்னதில்லை. பத்தொன்பது வயதில் ஒரு முடிவை எடுக்கத் தெரியாதவள் அதை ஒரு பத்திரிகையிடம் ஒப்படைத்தாள், அவ்வளவுதான். புதன்கிழமை திலகம் வாசித்தாள். தாள் சரசரக்கிற சத்தம் இப்போதும் கேட்கிறது. நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தினாள், மூச்சு வாங்கினாள், என்னட்டி நிறுத்திட்ட என்று மங்கை அதட்டினாள், எச்சில் முழுங்கிவிட்டு மறுபடி வாசித்தாள். அபயா காபித் தட்டை முக்காலியில் வைத்தாள். நிமிர்ந்தாள். எல்லாரும் என்னைப் பார்த்துட்டீங்க, நானும் உங்களைப் பார்த்துட்டேன், எனக்கு இதில் சம்மதம் இல்லை, நான் மேலே படிக்கப்போறேன், காபி ஆறுறதுக்கு முன்னால குடிச்சிட்டுக் கிளம்புங்க என்றாள். ஒட்டிய கண்ணுக்குள் மங்கை அதைப் பார்த்தாள். எந்தப் படக்காரனும் எடுக்கமுடியாத மாதிரி பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை அப்படியே சொன்னாள். எழுத்துப் பிசகாமல். காபி ஆறுவது வரை. அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. மாப்பிள்ளையின் அப்பா டம்ளரைக் கையில் எடுத்தவர் குடிப்பதா வைப்பதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கூட வந்திருந்த பெரியம்மாக்காரி ஒருத்திதான் சுதாரித்துக்கொண்டு, அடுக்களை நிலைப்படியில் தண்ணீர்ச் செம்போடு நின்ற திலகத்தைக் காட்டி, "அதான் சின்னவ இருக்காளே" என்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, சின்னவளைப் பேசி முடிக்கிற நிலைக்கு வந்துவிட்டார்கள். பதினெட்டு வயது. மங்கை உள்ளே வந்து அவள் கையைப் பிடித்து உலுக்கினாள், "நீயும் சொல்லுட்டி, இப்பமே போய்ச் சொல்லு." திலகம் செம்பைக் கீழே வைக்காமலே, "எனக்கு அவ்வளவு தைரியம் கெடையாதுக்கா" என்றாள். ஆவணியில் கல்யாணம். மங்கை சாராள் தக்கர் கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்ந்தாள். அன்றைக்குத் தொடங்கியது மங்கைக்கு இவள்மேல் இந்தக் கோபம். ஒரே புத்தகம், ஒரே அறை, ஒரே குரல். ஒருத்திக்கு அது முதுகெலும்பாயிற்று, வாசித்தவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாய் வாசித்தது, மனசு எங்கே போயிருந்தது? இப்படியும் ஒரு பிறவியா? சிவசைலம் அத்தான் கெட்டவரில்லை. கைநீட்டவில்லை, குடிக்கவில்லை. கதைப் புத்தகத்தைக் கண்டால் மட்டும் "இதை வச்சு என்ன, அடுப்பா எரிக்க?" என்பார், இரண்டு தடவை சொன்னார், திலகம் மூன்றாவது தடவை சொல்லவிடவில்லை, படிப்பதையே விட்டுவிட்டாள். அப்புறம் சினிமா, சீரியல், எதைப் போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பது. மங்கை எத்தனை புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்தாள், எல்லாம் புத்தம்புதுசாக அலமாரியில் இருந்தன. கொழுந்தன்மார், அவர்கள் பிள்ளைகள், மாமியார் படுக்கையில் கிடந்த ஒன்பது வருஷம். கேட்டால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கண்டால் மங்கைக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விளக்கை அணைக்கும்போது கையில் இரண்டு காகிதக் கோப்பைக் காபியோடு திலகம் வந்துவிட்டாள், இருட்டில் ஒரு படியைத் தவறவிடப் பார்த்தாள், மங்கை எழுந்து பிடிக்கவில்லை, பிடித்திருக்கலாம். "இந்தாக்கா." எனக்கு வேண்டாம் என்றாள் மங்கை. "ஆறுதுக்கு முன்னால குடிச்சிட்டு அப்புறமா கோவப்படு." மங்கை வாங்கி நாற்காலிக் கையிலுள்ள குழியில் வைத்தாள், குடிக்கவில்லை. படம் தொடங்கியது. ஒரு நம்பிக்கை இருந்தது. இந்தக் காலத்துப் படங்களில் முக்கியமானதை ஒளித்துவைத்துவிட்டுப் பிற்பாடு திரும்பிப் போய்க் காட்டுகிறார்கள், அப்படி இருக்கலாம், அபயா உண்மையில் சொன்னது என்ன என்பதைக் கடைசியில் காட்டுவார்கள், இயக்குநர் அவ்வளவு மடையனாக இருக்கமாட்டான். கதையில் பேராசிரியை ஆகிற அபயாவை டாக்டர் ஆக்கியிருந்தார்கள், அந்தப் பழைய மாப்பிள்ளை நெஞ்சுவலியோடு வந்து அவள் ஆஸ்பத்திரியிலேயே படுத்தான், வேறு ஆஸ்பத்திரி ஊரில் இல்லையா. அவன் அவளை அடையாளம் கண்டுகொண்டான். திரை பழுப்பாக மாறியது. கூடம், ஜமுக்காளம், கடிகாரம். மங்கை முன்னால் சாய்ந்தாள். காபித் தட்டு வந்தது. அபயா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மறுபடியும். ஒரு தடவை போதாதென்று இரண்டாம் தடவை குனியவைத்தார்கள். அவமானத்தில் மங்கைக்குக் காது சுட்டது. ஒரு பெண் தன் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொன்னதை எழுதியவன் எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போனான், அதைக்கூட உங்களால் எடுக்க முடியவில்லை, அவளை நாலு பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனதாக ஆக்கிவிட்டீர்கள், அப்போதுதானே அழவைக்கலாம், அப்போதுதானே இந்தத் திலகம் மாதிரி ஆட்கள் மூக்கைச் சிந்துவார்கள். சிந்திக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவையும்.

பிறகு அபயாவின் அப்பா சாகக்கிடக்கிற இடம். இது முப்பத்தொன்றாவது வாரம், பின்பக்கத்தில் தையல் மெஷின் விளம்பரம். கதையில் அவர் அபயாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். படத்திலும் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு நீ தலையைக் குனிஞ்சு நின்ன பாரு, அதை என்னால மறக்க முடியலேம்மா." மங்கையின் வாய் தானாக "நிமிர்ந்து" என்றது. சத்தமாகவே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். நிமிர்ந்துதான். பத்திரிகையிலும் குனிந்து என்றுதான் அச்சாகியிருந்தது. அச்சுக்கோத்தவன் தூங்கிவிட்டான் என்று மங்கை அப்போதே பென்சிலால் அடித்து நிமிர்ந்து என்று மேலே எழுதினாள், இப்போதும் பைண்டு புத்தகத்தில் இருக்கிறது. இந்தப் படக்காரன் அந்தத் தப்பை அப்படியே எடுத்திருக்கிறான். அப்படித்தானே? அப்படித்தான். ஆனால் ஏதோ ஒன்று மாட்டிக்கொண்டது, கொக்கியில் சேலை மாட்டுகிற மாதிரி, இழுத்தால் கிழியும் என்று தெரிந்து அப்படியே இருந்தாள். இருபத்தெட்டாவது வாரத்தில் அப்பா ஏன் அபயாவோடு பேசாமல் இருந்தார்? கோபத்தில் என்றல்லவா நினைத்திருந்தது. அங்கே கோபம் என்ற சொல் இருக்கிறதா? 'அன்று கூடத்தில் நடந்ததற்குப் பிறகு அவரால் மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.' அவ்வளவுதான் இருக்கிறது. கூடத்தில் நடந்தது என்ன? மங்கையின் அம்மாவுக்குக் கடைசி நாலு வருஷம் நினைவில் எதுவும் நிற்கவில்லை. நடந்ததெல்லாம் போய், நடக்காததெல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டது. மகள்களை யார் யாரோ என்று நினைத்தாள், இல்லாத அண்ணனுக்குச் சோறு எடுத்துவைக்கச் சொல்லி அழுதாள். எனக்கும் வந்துவிட்டதா? அந்தக் காட்சியை நான் கனவு கண்டேனா? கனவு கண்டு, அதை எழுந்துபோய் அப்பா முகத்துக்கு நேரே சொன்னேனா? இல்லை. காதில் இருக்கிறது. தாள் சரசரத்தது. காபி நாற்காலிக் குழியில் ஆறிப்போய் இருந்தது. படம் எப்படி முடிந்தது என்று அவள் கவனிக்கவில்லை, பாட்டோடு முடிந்தது.

வெளிக்கூடத்தில் ஒரு மேசை போட்டுப் புத்தகத்தை அடுக்கி வைத்திருந்தார்கள், அட்டையில் பால்கோவா முகம். மேசைக்குப் பின்னால் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு இளம்பெண். மங்கை நேராக அங்கே போனாள். திலகம் பின்னாலிருந்து "அக்கா, ஆட்டோ புடிப்போம்க்கா, கால் வலிக்கி" என்றாள். வலிக்கட்டும். இப்போதே முடிந்துவிடும், அத்தியாயத்தைப் பிரித்து இவள் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டால் போதும், அம்மாவுக்கு வந்தது எனக்கு வரவில்லை, அழுத கழுதை நீதான் மறந்துவிட்டாய் என்று காட்டிவிடலாம். கண்ணாடியை மாட்டினாள். இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு. நின்றுகொண்டே வாசித்தாள். ஜமுக்காளம் இருந்தது. கடிகாரம் இருந்தது. 'அபயா தலை கவிழ்ந்து நின்றாள். அப்பா சொன்னால் சரி என்று அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.' மறுபடி வாசித்தாள். பக்கத்தைத் திருப்பினாள், முன்னால் திருப்பினாள். "யாரும்மா இதைத் திருத்தினது?" என்றாள். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. "படத்துக்காகக் கதையையே மாத்தி அச்சடிச்சு விக்கீங்களே, செத்தவன் கேக்கமாட்டான்னுதானே?" "இல்லம்மா, இது பழைய பதிப்பு அப்படியே…" "என்கிட்ட சொல்லாதே. நீ பிறக்குறதுக்கு முன்னால இதைப் படிச்சவ நான். இந்த அத்தியாயத்துல அவ வேண்டாம்னு சொல்லுதா. எல்லாருக்கும் முன்னால சொல்லுதா." குரல் உயர்ந்துவிட்டது, பாப்கார்ன் வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள், அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. திலகம் வந்து மங்கையின் முழங்கையைப் பிடித்தாள்.

"அந்தப் பிள்ளைய வையாதக்கா. அவ ஒண்ணும் செய்யல."

"நீ சும்மா கெட."

"நான்தான்க்கா மாத்துனேன்."

மங்கை புத்தகத்தை மூடவில்லை. விரல் இருபத்தேழில் இருந்தது. திலகம் அதை மெதுவாக வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அவளைச் சுவரோரம் கிடந்த சோபாவுக்கு நடத்திக்கொண்டுபோய் உட்காரவைத்தாள். தானும் உட்கார்ந்தாள். அக்காளை நேரே பார்க்காமல், எதிரே தொங்கிய அடுத்த படத்தின் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அபயா செய்யுததத்தான் செய்வேன்னு சொல்லிட்டுக் கெடந்த. புஸ்தகம் வந்துச்சு. வாசிச்சிட்டே வாரேன், அவ தலையக் குனிஞ்சுட்டு நிக்கா. அத எப்படி உனக்கு வாசிக்க? எடுத்த மூச்ச விடுறதுக்குள்ள என்னமோ வாய்ல வந்துச்சு, சொன்னேன். தாள மட்டும் திருப்பிக்கிட்டே இருந்தேன். கண்ணு தொறந்ததும் நீ எடுத்துப் பாத்துருவியேன்னு வெந்நி அடுப்புல போட்டுட்டேன்."

"அகிலாண்டம் மயினி?"

"பாவம், அவங்க வாங்கவே இல்ல. நான் பேரச் சொல்லிட்டேன். நீ இத்தன வருஷம் பேசாம இருப்பன்னு கண்டேனா?"

காபி ஆறுறதுக்கு முன்னால. அந்த எழுத்தாளர் ஐம்பத்திரண்டு வாரத்தில் ஒரு தடவைகூட வேடிக்கையாக ஒரு வார்த்தை எழுதியதில்லை, இருபத்தேழாவது வாரத்தில் மட்டும் எங்கிருந்து வந்தது என்று மங்கை ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள். ஓய்வு பெறும் விழாவில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னாளே, ஒரு கதை என்னை மனுஷியாக்கியது என்று. முன்வரிசையில் திலகம் உட்கார்ந்து கைதட்டினாள். கோபம் புறப்பட்டு வந்தது, பழைய கோபம்தான், நாற்பத்தைந்து வருஷமாக ஒரே வழியில் போய்ப் பழகியது, இவள்மேல் போய் விழப்பார்த்தது, விழ இடமில்லாமல் திரும்பியது.

"அப்ப நீ ஏன்ட்டி சொல்லல? அவ்வளவு தெரிஞ்சவ, எனக்குச் சொல்லிக் குடுத்தவ, நீ ஏன் வேண்டாம்னு சொல்லல? தைரியம் இல்லன்னு என்கிட்ட பொய் சொன்னியா?" வார்த்தைகள் பல்லுக்கிடையில் வந்தன.

"அதுக்கப்புறம் அப்பா மூஞ்சிய நீ பாக்கலக்கா. நீ சொல்லிட்டு உள்ள வந்துட்ட. நான் நிலைப்படியிலேயே நின்னேன்லா, பாத்துக்கிட்டே நின்னேன். ஒரே நாள்ல ரெண்டு தடவ அத அந்த மனுசன் எப்படித் தாங்குவாரு?"

"இத்தன வருஷத்துல ஒரு நாள் சொல்லியிருக்கலாம்லா. ஒவ்வொரு தடவையும் உன்னை என்ன பேச்சுப் பேசியிருக்கேன். வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா அந்தப் புஸ்தகத்த நீ திரும்ப எப்படிப் படிப்ப?"

மேசையில் அந்த இளம்பெண் புத்தகங்களை நேராக அடுக்கிக்கொண்டிருந்தாள். மத்தியானக் காட்சிக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மங்கை எழுந்துபோய் அந்தப் பெண்ணிடம் தப்பு என்மேல்தான் என்று சொல்லவேண்டும், சொல்லாமல் போகக்கூடாது. அதற்கு முன்னால் ஒன்று கேட்கவேண்டியிருந்தது. கேட்கும்போதும் குரல் அதட்டலாகத்தான் வந்தது, வேறு மாதிரி வரப் பழகவில்லை.

"உள்ள எதுக்கு அழுத? அவ தலையக் குனிஞ்சு நிக்கும்போது, ரெண்டு தடவையும்?"

திலகம் கைப்பையிலிருந்து, செருப்பு மாதிரி தட்டையாகிப்போன பாப்கார்ன் பொட்டலத்தை எடுத்து, அடியில் மிச்சம் இருப்பதைத் தடவிப் பார்த்தாள்.

"அது நான்லாக்கா" என்றாள்.